ஒரு சந்தை ஊரை யார் ஆண்டார்கள்? வேல்ஸ் நாட்டு லானிட்லாய்ஸின் கதை

வணக்கம் நண்பர்களே. வேல்ஸின் நடுப்பகுதியில், செவர்ன் ஆறு மலையிலிருந்து இறங்கி வரும்போது சந்திக்கும் முதல் ஊரில் இப்போது நிற்கிறேன். ஊரின் பெயர் லானிட்லாய்ஸ். இங்கே இருப்பவர்கள் சுருக்கமாக லானி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் 2,929 பேர். அவ்வளவுதான்.

இங்கே வருபவர்கள் பெரும்பாலும் மலையேறப் போவார்கள், ஏரி பார்க்கப் போவார்கள். நான் காட்டப் போவது அதை அல்ல. இந்த ஊரின் வரியை யார் வசூலித்தார்கள், சந்தைப் பணம் யார் பைக்குப் போனது, மேயரை யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள், இதைத்தான் பேசப் போகிறேன். உள்ளாட்சி வரலாறு என்றதும் வீடியோவைத் தள்ளிவிடாதீர்கள். இதற்காக இந்தத் தெருவில் மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள், கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.

முதலில் எனக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். நான்கு தெருக்கள் சேரும் சந்திப்பின் நட்ட நடுவே, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கிறதே, இதுதான் பழைய சந்தை மண்டபம். வண்டிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் போக வேண்டும். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து 1612க்கும் 1622க்கும் இடையில் கட்டியது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வேல்ஸில் இந்த மாதிரி தனித்து நிற்கும் மரச்சட்டச் சந்தை மண்டபம் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

கொஞ்சம் கிட்டே வாருங்கள். கீழ்த்தளத்துக்குச் சுவரே கிடையாது. மரத்தூண்களும் வளைவுகளும் மட்டும். மழை பெய்தால் வியாபாரிகள் இங்கே ஒதுங்கிக் கடை போடுவார்கள். இதோ இந்தத் தூணில் கை வைத்துப் பார்க்கிறேன், தோள் உயரம் வரைக்கும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, அதற்கு மேலே சொரசொரப்பு. மேலே ஒரே ஒரு அறை. அதில் நீதிமன்றம் கூடியது. கீழே விலை பேசுகிறார்கள், தலைக்கு மேலே தீர்ப்பு சொல்கிறார்கள். பிறகு இதே அறை ஃபிளானல் துணிச் சந்தையாக இருந்தது, பிரார்த்தனைக் கூடமாக இருந்தது, நூலகமாக இருந்தது. ஆட்களைப் பிடித்து அடைத்து வைக்கவும் ஓர் இடம் இருந்தது. அந்த மூலையில் ஒரு கல் தெரிகிறதா? மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1748 முதல் சில முறை இங்கே வந்தார். அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றுதான் பேசினாராம்.

சரி, சந்தை எப்படி வந்தது? 1280இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், ஓவைன் டி லா போல் என்பவருக்குச் சாசனம் கொடுத்தார். ஓவைன், தெற்கு போவிஸை ஆண்ட வேல்ஸ் அரச குடும்பத்துப் பிள்ளை. வாரச் சந்தையும் ஆண்டுச் சந்தையும் நடத்திக்கொள்ளலாம் என்பதுதான் சாசனம். இதில் கவனிக்க வேண்டியது, உரிமை கிடைத்தது ஊருக்கு அல்ல, பிரபுவுக்கு. சந்தையில் கடை போட்டால் சுங்கம் அவருக்கு. ஊருக்குள் நடக்கும் தகராறுகளை விசாரிப்பதும் அவருடைய மன்றம். அபராதம் விழுந்தால் அதுவும் அவர் கணக்கில். நான்கு தெருக்களையும் குறுக்குவெட்டாக அளந்து போட்டதே இந்தச் சந்தையை நம்பித்தான். அந்தத் தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இடையில் பல நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன். பிரபுக் குடும்பங்கள் மாறின, முறை பெரிதாக மாறவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்புவதில் லானிக்கும் பங்கு இருந்தது. மான்ட்கமரி, வெல்ஷ்பூல், லான்ஃபில்லின் ஆகிய ஊர்களோடு சேர்ந்து ஓட்டுப் போடுவார்கள். 1728இல் நாடாளுமன்றமே உட்கார்ந்து, இனி மான்ட்கமரி ஊர்க்காரர்கள் மட்டும் ஓட்டுப் போட்டால் போதும் என்று முடிவு செய்துவிட்டது. லானியின் ஓட்டு போயே போய்விட்டது. திரும்பக் கிடைத்தது 1832இல். நூறு ஆண்டுகளுக்கு மேல்!

அதுவும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஆண்டுக்குப் பத்து பவுண்டு மதிப்புள்ள வீடோ கடையோ இருக்கும் ஆண்களுக்கு மட்டும். அன்றைக்கு லானி நெசவாளர்களின் ஊர். கம்பளி நூலில் ஃபிளானல் நெய்வார்கள். தறியில் உட்கார்ந்தவருக்குப் பத்து பவுண்டு வீடு எங்கிருந்து வரும்?

அப்புறம் 1835. முனிசிபல் கார்ப்பரேஷன் சட்டம் வந்தது. பரோ என்றால் சாசனம் பெற்றுத் தனி நிர்வாகம் நடத்திய ஊர். அந்தப் பழைய பரோ நிர்வாகங்களைக் கலைத்துப் போட்டு, வரி கட்டுபவர்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சில்களைக் கொண்டுவந்த சட்டம். அந்தப் பட்டியலில் வந்த வேல்ஸ் ஊர்களில் லானியும் ஒன்று. கவுன்சிலருக்கு மூன்று ஆண்டுப் பதவி, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தேர்தல். கவுன்சிலர்கள் கூடி ஆல்டர்மேன்கள் என்ற மூத்த உறுப்பினர்களையும் மேயரையும் தேர்ந்தெடுப்பார்கள். கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். இதெல்லாம் நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரபுவின் கையிலிருந்து ஊர் நிர்வாகம் வெளியே வந்தது.

ஆனால் ஓட்டுக்கான நிபந்தனையைக் கேளுங்கள். வரி விதிக்கத்தக்க கட்டடம் உங்கள் வசம் இருக்க வேண்டும். பாக்கி இல்லாமல் சில ஆண்டுகள் தொடர்ந்து வரி கட்டியிருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஊரின் ஏழை நிவாரணத்தில் ஒரு காசு வாங்கியிருந்தாலும் ஓட்டு இல்லை. ஃபிளானல் விற்பனை சரிந்தால் தறி நிற்கும், தறி நின்றால் நிவாரணம் வாங்காமல் அடுப்பு எரியாது. அப்படி வாங்கியவர் ஓட்டை இழப்பார். யாருக்கு ஊரின் முடிவுகள் அதிகம் வலிக்குமோ அவர்களைத்தான் இந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது.

இதற்கு மேலே இன்னொன்று. 1834இன் புதிய ஏழைகள் சட்டப்படி, பக்கத்து ஊர்களை ஒன்றாகச் சேர்த்து யூனியன் அமைத்தார்கள். லானி, நியூடவுனோடு சேர்ந்த யூனியனுக்குள் போனது. அந்தக் காலத்து மக்களைப் பொறுத்தவரை உள்ளாட்சி என்றால் மேயர்கூட இல்லை, இந்த யூனியனின் பாதுகாவலர் வாரியம்தான். சாப்பாடு தருவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். உள்ளூரிலேயே வீட்டுக்குக் கொடுத்து வந்த உதவியைக் குறைத்து, முடியாதவர்கள் ஒர்க்ஹவுஸுக்கு, அதாவது ஏழைகளைத் தங்க வைத்து வேலை வாங்கும் இல்லத்துக்கு, வரட்டும் என்பது புதுக் கொள்கை. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் கயர்சூஸில் அந்தக் கட்டடம் எழும்பியது. உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்.

இந்தக் கொதிப்பில்தான் ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கம் லானிக்கு வந்தது. 1837இல் லண்டனிலிருந்து ஹென்றி ஹெதரிங்டன் இந்தப் பக்கம் வந்து தொழிலாளர் சங்கங்களைத் தொடங்கி வைத்தார். 21 வயதான எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, சொத்து இல்லாதவரும் உறுப்பினராகலாம், உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். இந்த ஆறும்தான் அவர்களுடைய சாசனம். கடைசியில் சொன்னதைத் தவிர மற்ற ஐந்தும் இன்று நமக்குச் சாதாரணம்.

இப்போது கிரேட் ஓக் தெருவுக்குள் வந்துவிட்டேன். இதோ, டிரெவிதன் ஆர்ம்ஸ். 1839இலும் இது விடுதிதான். அந்த ஏப்ரல் கடைசியில், சார்ட்டிஸ்டுகள் ஆயுதப் பயிற்சி எடுக்கிறார்கள் என்ற செய்தி கேட்டு அதிகாரிகள் பயந்துபோனார்கள். ஊரில் முறையான போலீஸ் கிடையாது. லண்டனிலிருந்து மூன்று போலீஸ்காரர்களை வரவழைத்தார்கள், உள்ளூர் ஆட்களைச் சிறப்புக் காவலர்களாகச் சத்தியம் செய்ய வைத்தார்கள். ஏப்ரல் 30 அன்று சிலரைக் கைது செய்து இந்த விடுதிக்குள் வைத்தார்கள். ஊரே திரண்டு வந்தது. கதவையும் ஜன்னலையும் உடைத்து உள்ளே புகுந்து, தங்கள் ஆட்களை விடுவித்தார்கள். போலீஸ்காரர்கள் அடிபட்டார்கள்.

இங்கே ஒரு கதை சொல்லப்படுகிறது. டி. இ. மார்ஷ் என்பவர் முன்னாள் மேயர், நீதிபதியும்கூட. அவர் விடுதிக்குள் போக முடியாமல் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டாராம். உயிருக்குப் பயந்து, கூட்டத்தோடு சேர்ந்து தானும் சார்ட்டிஸ்டுகளுக்கு ஜே போட்டு, கைத்தடியால் ஒரு ஜன்னலை உடைத்தாராம். அவர்தான் கலவரத்தையே தூண்டிவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. எது உண்மையோ, மேயராக இருந்தவருக்கும் ஊர் மக்களுக்கும் இடையில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது இதிலிருந்தே புரிகிறது.

மே 4ஆம் தேதி படை வந்து சேரும் வரை ஊர் சார்ட்டிஸ்டுகளின் கையில் இருந்தது. பிறகு வீடு வீடாகத் தேடல். ஜூலையில் வெல்ஷ்பூலில் விசாரணை. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள், பெண்களும் அவர்களில் உண்டு. ஜேம்ஸ் மோரிஸ் என்ற நெசவாளிக்குப் பதினைந்து ஆண்டு நாடு கடத்தல். ஏபிரகாம் ஓவன், லூயிஸ் ஹம்ஃப்ரீஸ் இருவருக்கும் ஏழு ஏழு ஆண்டு. மற்றவர்களில் பலருக்குச் சிறை. அடுத்த ஆண்டே, 1840இல், லானியும் சுற்றியுள்ள ஊர்களும் அடங்கிய மான்ட்கமரி கவுன்ட்டி என்ற நிர்வாகப் பகுதிக்கு என்று ஒரு போலீஸ் படை அமைந்தது. ஓட்டுக் கேட்ட ஊருக்கு முதலில் கிடைத்தது போலீஸ். இந்தத் தெருவில் நின்று அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அதற்கப்புறம் ஓட்டு மெதுவாக, துளித் துளியாகத்தான் பரவியது. 1869இல், வரி கட்டும் திருமணமாகாத பெண்களும் விதவைகளும் பரோ தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்றார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக் கிடைப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1889இல் கவுன்ட்டி கவுன்சில் வந்தது. அதுவரை கவுன்ட்டியின் சாலை, பாலம், போலீஸ் எல்லாவற்றையும் நிலக்கிழார்களான நீதிபதிகள் தங்களுக்குள் கூடி முடிவு செய்து வந்தார்கள். முதன்முறையாக அந்த நாற்காலிகளுக்குத் தேர்தல் நடந்தது.

ஊரின் பிழைப்பும் மாறிக்கொண்டிருந்தது. 1859இல் நியூடவுனுக்கு ரயில் ஓடியது, போட்டவர் பக்கத்து லாண்டினம் ஊர்க்காரரான டேவிட் டேவிஸ். 1870களில் அருகிலுள்ள வான் சுரங்கத்தில் ஈயம் கொட்டியது. டேவிஸ் குடும்பம் பின்னாளில் பெரும் பணக்காரர்களாகி, இதே தெருவில் இருக்கும் டவுன் ஹாலை 1908இல் ஊருக்குக் கொடுத்தது. அதோ அந்த வளைவுகளோடு இருக்கும் கட்டடம். நகராட்சி வேலையில் பழைய மண்டபத்தின் வாரிசு அதுதான்.

ஆனால் 1960களில் கிளிவெடோக் பள்ளத்தாக்கில் 72 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டியபோது, ஊருக்கு மேலே எழுந்த அந்தச் சுவரைப் பற்றி இந்த டவுன் ஹாலில் முடிவெடுக்க எதுவும் இருக்கவில்லை. செவர்ன் ஆற்றின் நீரைச் சீராக்கி இங்கிலாந்தின் நடுப்பகுதி ஊர்களுக்குக் கொடுக்க, லண்டனில் 1963இல் சட்டம் போட்டார்கள். பண்ணைகள் தண்ணீருக்குள் போயின.

கடைசியாக 1974, ஏப்ரல் 1. பரோ என்ற அந்தஸ்து அன்றோடு முடிந்தது. மான்ட்கமரி, ராட்னர், பிரெக்நாக் மூன்று கவுன்ட்டிகளையும் இணைத்து போவிஸ் என்று ஒன்றாக்கினார்கள். 1996இல் இடையிலிருந்த மாவட்டக் கவுன்சிலும் போனது. இன்று போவிஸ் கவுன்ட்டி வேல்ஸின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு. பள்ளிக்கூடம், குப்பை, சாலை, கட்டட அனுமதி எல்லாம் அங்கே. தலைமையகம் லாண்ட்ரின்டாட் வெல்ஸில்.

லானிக்கு மிஞ்சியது டவுன் கவுன்சில். மேயர் இருக்கிறார், பதவிச் சங்கிலி இருக்கிறது. கட்டட விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்லலாம், முடிவு சொல்ல முடியாது. கவுன்ட்டி வசூலிக்கும் வரியோடு தங்களுக்கும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கலாம். மேலிடத்தில் பணம் இல்லை என்று கைவிடப்படும் சின்னச் சின்ன வேலைகள் இந்த மாதிரி கவுன்சில்களின் தலையில் வந்து விழுவது வேல்ஸ் முழுக்க நடக்கிறது. பொறுப்பைத் தருகிறவர்கள் பணத்தையும் சேர்த்துத் தர வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. 2022 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் வேல்ஸில் 16 வயதுப் பிள்ளைகளும் ஓட்டுப் போட்டார்கள். சொத்து வேண்டாம், வரி ரசீது வேண்டாம். டிரெவிதன் ஆர்ம்ஸ் வாசலில் திரண்டவர்கள் கேட்டதைவிட இது ஐந்து வயது கூடுதலாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது.

சந்தை இன்னும் சனிக்கிழமை கூடுகிறது, வந்தால் காலையிலேயே வாருங்கள். அடுத்த வீடியோவில் தென்மேற்கே இருக்கும் லார்ன் ஊருக்குப் போகிறோம். அங்கே இடைக்காலத்துக் கார்ப்பரேஷன் கலையாமல் இன்னும் நடக்கிறது. தலைவரின் பதவிப் பெயர் போர்ட்ரீவ், கழுத்தில் தங்கச் சிப்பி மாலை போட்டிருப்பார். உங்கள் ஊர் மன்றக் கூட்டத்துக்கு நீங்கள் போயிருந்தால், அங்கே என்ன பேசினார்கள் என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன். வணக்கம்.