தடியைக் கீழே போடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். புளியமரம் என்று பேச்செடுத்தாலே "எத்தனை வருஷத்தில் காய்க்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்க்க 7 முதல் 10 ஆண்டு ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று 4, 5 ஆண்டில் காய்த்துவிடும். ஒட்டுக்கன்றுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புளியம்பூவில் அயல் மகரந்தச் சேர்க்கைதான், அதாவது வேறு மரத்துப் பூவின் மகரந்தம் வந்து சேர்வதுதான், அதிகம். அதனால் தாய்மரத்தின் குணம் அப்படியே கொட்டையில் வந்துவிடாது. நல்ல பழம் தரும் மரத்தைப் பார்த்தால், அதன் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டுங்கள்.

கன்றைப் பையில் வெகுநாள் வைக்காதீர்கள், ஆணிவேர் சுருண்டுவிடும். தண்ணீர் தேங்காத மண்ணில், மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நடுங்கள். வேர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் வறட்சியும் தாங்கும், பெருங்காற்றும் தாங்கும். புளியங்கொம்பைப் பிடித்தாற்போல என்று நம்மவர்கள் சொன்னது கண்ணால் கண்டுதான்.

மற்ற பழங்கள் பெரும்பாலும் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறையும். புளியில் டார்டாரிக் அமிலம் அப்படியே இருக்க, சர்க்கரை மட்டும் ஏறுகிறது. பழுத்த பிறகும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே இருப்பது அதனால்தான். செம்புப் பாத்திரத்தின் கறையைக் கரைப்பதும் அந்த அமிலமே. கொட்டையின் பருப்பு மாவு நூலுக்குக் கஞ்சி போட உதவும். வைரம் பாய்ந்த கட்டை உலக்கைக்கும் செக்குக்கும் ஆகும்.

சரி, எனக்கு மனசு பொறுக்காத விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை தரும் மரத்தை அறுவடை நாளில் தடியால் விளாசுகிறோம். பழத்தோடு இளந்தளிரும் மொட்டும் சேர்ந்து உதிர்கின்றன. புளி ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் அடுத்த வருஷம் குறைத்துக் காய்க்கும் மரம்தான். நம் அடியால் அதை இன்னும் குறைக்க வேண்டுமா?

அவசரமே இல்லை. முற்றிய பழம் மாதக்கணக்கில் கூட மரத்திலேயே தொங்கும், ஈரமும் வற்றும். ரொம்ப நாள் விட்டால் வண்டு துளைக்கும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பழத்தின் மேலோட்டினை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் காய். பழுத்ததைச் சுண்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும், ஓடு லேசாக அழுத்தினாலே நொறுங்கும். புளியம்பழமும் ஓடும் போல என்கிறோமே, அந்தப் பக்குவம் வந்ததும் கிளையை உலுக்குங்கள், போதும். உலுக்கியும் விழாததை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வந்து உலுக்கலாம்.