கோழி முட்டையைப் புரட்டலாம், ஆமை முட்டையைப் புரட்டலாகாது
(கடலோர ஊராட்சி ஒன்றின் அறிவியல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியை அவர்களே, பணிச் சுமைக்கு இடையிலும் வந்து அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக எனக்குப் புத்தகம் வழங்கிப் பெருமைப்படுத்திய மீனவர் சங்கப் பொறுப்பாளர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

முட்டைக்குள் கருவைக் காக்கும் சவ்வுகள், பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் அவற்றில் உள்ள வேறுபாடு, அவற்றால் தடுப்பூசித் துறை அடைந்த பயன் என மூன்றைப் பற்றியும் நான் பேசுவேன் என்று அழைப்பிதழ் சொல்கிறது. மூன்றாவதற்கு நேரம் இருக்குமா என்பது தலைவர் அவர்களின் தயவைப் பொறுத்தது.

முதுகெலும்புள்ள விலங்குகள் நீரைத் தேடிச் சென்றுதான் முட்டையிட வேண்டும் என்ற கட்டாயத்தை, 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நீக்கியவை இச்சவ்வுகள்தாம். பனிக்குடம் கருவைச் சூழ்ந்து நீரைத் தேக்கி, வறண்ட நிலத்திலும் அதற்கொரு குளத்தை அமைத்துத் தருகிறது. மஞ்சள் கருவைப் போர்த்தியிருக்கும் பை, தன் இரத்தக் குழாய்கள் வழியே உணவை அனுப்புகிறது. கழிவைச் சேர்த்துவைக்கும் அல்லன்டாய்ஸ் என்னும் பை, வளர வளரக் கோரியான் என்னும் வெளிச்சவ்வோடு இணைந்து, ஓட்டின் நுண்துளைகள் வழியே உயிர்வளியை ஏற்றுக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. நுரையீரல் இயங்கத் தொடங்காத கருவுக்கு அதுவே மூச்சு.

“கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா” என்ற பழமொழியை நான் ஏறாத மேடையில்தான் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பொறுத்தருள்க, இன்று அது மெய்யாகவே தேவைப்படுகிறது. அடைக்கோழி தன் முட்டைகளை நாள்தோறும் பலமுறை புரட்டுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளக்கூடும். மூச்சுச் சவ்வும் முழுமையாகப் படராது. பொரிப்பக இயந்திரங்கள் ஏறத்தாழ 18ஆம் நாள் வரை முட்டைகளை இப்புறமும் அப்புறமும் சாய்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

நம் கரையேறி முட்டையிடும் கடலாமையான பங்குனி ஆமையின் முட்டையோ நேர்மாறானது. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் பிடித்து நிறுத்தும் முறுக்கிய வெண்ணிற இழைகள் இதில் இல்லை. தாயின் வயிற்றில் நின்றிருந்த வளர்ச்சி, மணலுக்குள் வந்ததும் மீண்டும் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கரு மேற்புறத்தை அடைந்து ஓட்டின் உட்பக்கத்தோடு பிணைந்துவிடுகிறது. அதன்பின் புரட்டினால் மெல்லிய சவ்வுகள் கிழிந்து கரு இறந்துபோகும்.

ஒரு குப்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், இங்கே சம்பந்திகள் இருப்பீர்கள். நல்ல உள்ளம் கொண்ட இளைஞர்கள் சிலர் நண்பகலில் ஓர் ஆமைக் குழியைக் கண்டார்கள். நாய் தோண்டிவிடுமே என்று நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, மணல் போகக் கழுவி, மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வண்டியில் கொண்டுசென்று பள்ளித் தோட்டத்தில் புதைத்தார்கள். வேலி போட்டார்கள், கீற்றுப் பந்தல் போட்டார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள், ஒரு பிரமுகரை அழைத்து நாடாவும் வெட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிடைத்தது. இரண்டு மாதம் கழிந்தும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. வேலியோரம் நின்ற முதியவர் ஒருவர் கேட்டாராம்: “கோழி மிதிச்சாக் குஞ்சு சாகாது, சரி. ஆமைக் குஞ்சைக் கோழி மாதிரி நீங்க மிதிச்சா என்னடா ஆகும்?”

ஆகவேதான் சில ஆண்டுகளாக மேடைதோறும் ஒன்றையே வலியுறுத்தி வருகிறேன். பகலில் குழியைக் கண்டவர் கைவைக்காமல் அங்கேயே வேலியிட்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இடம் மாற்றியே தீர வேண்டுமானால், முட்டையிட்ட அன்றிரவே, பயிற்சி பெற்றவர்கள், மேற்புறம் மேலாகவே இருக்கும்படி, குலுக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி அவற்றை எடுப்பது குற்றம் என்பதை அலுவலர் அவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

தடுப்பூசிக்கு நேரமில்லை. தலைவர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது: ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபையில், ஆமைகள் கரையேறும் மாதங்களுக்கான இரவு ரோந்துக்கு உள்ளூர் மீனவ இளைஞர்களையே அமர்த்தி, வனத்துறையிடம் பயிற்சி பெறச் செய்யும் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். அதன் வரைவை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். இப்போதே தங்களிடம் ஒப்படைக்கிறேன்.