பந்தி போட்டுப் படம் காட்டுவோம்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் தேக்காவில் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்க மாட்டேன். நாமும் ஒரு படத்தைப் புது மாதிரி காட்டலாம் என்பதுதான் பேச்சு.

லண்டனில் ஃபேபியன் ரிகல் என்றொருவர், 2007-இல் சீக்ரெட் சினிமா என்ற கம்பெனியைத் தொடங்கினார். என்ன படம் என்று சொல்லாமலே டிக்கெட் விற்றார். இன்ன உடையில், இன்ன இடத்துக்கு வாருங்கள், அவ்வளவுதான் தகவல். போனால் படத்தின் உலகமே அங்கே எழுந்து நிற்கும். நடிகர்கள் நம் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். படம் அதற்கப்புறம்தான்.

2014-இல் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்துக்காக ஒலிம்பிக் பூங்காவில் மணிக்கூண்டோடு 1955-ஆம் வருஷத்து அமெரிக்க ஊரையே கட்டினார்கள். முதல் காட்சியைச் சில மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தார்கள்! வேஷம் கட்டிக் கிளம்பியவர்கள் கொதித்துப்போனார்கள். ஆனாலும் கம்பெனி நிமிர்ந்துவிட்டது. 2022-இல் டிக்கெட் விற்கும் அமெரிக்க நிறுவனமான டுடேடிக்ஸ் அதை வாங்கியது.

“முதல் நாள் முதல் காட்சியில் நாம் போடாத ஆட்டமா?” என்பீர்கள். சரிதான். ஆனால் நம் ஆட்டமெல்லாம் ஹீரோவுக்கு. அங்கே டிக்கெட் வாங்கியவருக்கே கதையில் ஒரு வேலை கிடைக்கிறது.

நம் சிங்கப்பூரிலும் வித்தியாசமாகப் படம் பார்த்தோம். 1971 முதல் 1985 வரை ஜூரோங்கில் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் இருந்தது. மழை வந்தால் கண்ணாடியில் கதாநாயகி முகம் கரைந்து வழியும். வைப்பரைப் போடச் சொன்னால், “பேட்டரி இறங்கினால் நீயா தள்ளுவே?” என்பார் அப்பா. படத்தின் பெயர் மறந்துவிட்டது. அந்த வைப்பர் மறக்கவில்லை.

2025-இல் கோல்டன் மைல் டவரில் தி புரொஜெக்டர் என்ற திரையரங்கு மூடியது. கேத்தே திரையரங்குகளும் போயின. வாடகை ஒரு பக்கம், வீட்டு சோபாவில் ஓடிடி இன்னொரு பக்கம். வீட்டில் கிடைக்காத எதையாவது கொடுத்தால்தான் ஆட்கள் வெளியே வருவார்கள்.

லண்டன்காரர் மாதிரி ஊரைக் கட்ட நம்மிடம் பணமும் இல்லை, நிலமும் இல்லை. நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது. கல்யாணக் காட்சி உள்ள பழைய தமிழ்ப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதிப்பேர் மாப்பிள்ளை வீடு, மீதிப்பேர் பெண் வீடு. வாசலில் பன்னீர், சந்தனம். பந்தியில் இலை போட்டுச் சாப்பாடு; அங்கேயே சம்பந்தி சண்டையும் ஆரம்பித்துவிடட்டும். அப்புறம் திரையில் படம்.

நகர மன்ற அனுமதி, படத்தின் உரிமை, படங்களைத் தரம் பிரிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் தரச்சான்று, இவற்றுக்கு நான் அலைகிறேன். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: யார் வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது?