பப் வீட்டுப் பிள்ளைக்கு விலக்கு உண்டு

நடுவர் அவர்களே, "அயர்லாந்தின் கிராமத்து பப்பில் வளரும் பிள்ளைப் பருவம் வரமா, சாபமா?" என்பது தலைப்பு. வரம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், "குழந்தை நுழையவே கூடாது என்று சட்டம் போட்ட இடமய்யா அது" என்று முடித்துக் கைதட்டலும் வாங்கினார். சட்டத்தைப் பாதியிலேயே மூடிவிட்டீர்களே அம்மா! அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, 1908-இல் வந்த சட்டம் அது. 14 வயதுக்குட்பட்டவர்களை பாருக்குள் விடக்கூடாது என்றது உண்மை. ஆனால் உரிமம் வைத்திருப்பவரின் பிள்ளைக்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் வீடு. மாடியில் படுக்கை, பின்கட்டில் அடுப்படி, முன்னால் கடை.

இவர் டாஸ்மாக் வாசலை மனதில் வைத்துப் பேசுகிறார். அயர்லாந்து பப்பின் வாசலிலோ குடும்பப் பெயர் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் பல ஊர்களில் முன்பக்கம் மளிகை, பின்பக்கம் பீர். சில ஊர்களில் சவ அடக்க ஏற்பாடும் அதே குடும்பம்தான்! பள்ளிவிட்டு வந்த பிள்ளை கிளாஸ் கழுவும், அப்பா கின்னஸ் என்ற கறுப்பு பீரை ஊற்றுவதைப் பார்க்கும். கிளாஸைச் சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி, அப்படியே வைத்துவிட வேண்டும். நுரை மேலே ஏறி, கீழே கறுப்பு தெளிந்த பிறகுதான் மீதி. எதிரே எவ்வளவு பெரிய மனுஷன் நின்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கெர்ரி மாவட்டத்து அன்னஸ்கால் கிராமத்தில் ஒரு பப், பெயர் 'சவுத் போல் இன்', அதாவது தென் துருவ விடுதி. நடத்தியவர்கள் டாம் க்ரீனும் மனைவி எலனும். பெண் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். துருவப் பயணத் தலைவர்களான ஸ்காட்டோடும் ஷாக்கிள்டனோடும் மூன்று பயணம் அண்டார்க்டிகா போனவர் க்ரீன். 1912-இல் தோழரின் உயிரைக் காக்கப் பனியில் 56 கிலோமீட்டர் தனியாக நடந்தவர். நாமாக இருந்தால் அதைச் சொல்லியே பீர் விற்றிருப்போம். அவரோ பதக்கங்களை எடுத்து வைத்துவிட்டு வாயே திறக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்ததை, பிரிட்டிஷாரோடு போரிட்டு விடுதலை பெற்ற அன்றைய அயர்லாந்தில் பெருமையாகப் பேச முடியாது. பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸில் இருந்த அவருடைய சகோதரர் அந்த விடுதலைப் போரின்போது, 1920-இல் கொல்லப்பட்டிருந்தார். பலகையில் தென் துருவம், வாயில் பூட்டு! எதை யார் முன்னால் பேசக்கூடாது என்பதை அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே கற்பார்கள்?

அப்பாவே சரக்கைக் குடித்துத் தீர்த்த வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. அது அந்த அப்பாவின் லட்சணம்.

சரி, நடுவர் மணி அடித்துவிட்டார். பப்பில் கடை மூடும் நேரம் வந்தாலும் கிளாஸைக் காலி செய்யச் சட்டமே அரை மணி நேரம் தரும். எனக்கு அரை நிமிடம் போதும். ஊரில் யார் யார் கடன் சொல்லிக் குடித்தார்கள் என்பது பப் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும், வெளியே மூச்சு விடாது. எதிரணி அம்மையாரே, பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் கைமாற்று வாங்கியதை உங்கள் பிள்ளை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான்?