கணையம் செத்துப்போனாலும் கத்தியை எடுக்காத டாக்டர்கள்!

வணக்கம் மக்களே! சைக்கிளிலிருந்து விழுகிற பிள்ளைக்கு முட்டி சிராய்க்கும். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால்? வெளியே லேசாகக் கன்றியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே முதுகெலும்போடு நசுங்குவது கணையம், இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நொதிகளைச் சுரக்கும் உறுப்பு. அப்படி அது புண்பட்டு வீங்குவதுதான் கணைய அழற்சி.

[திரையில்: கணையத்தின் படம்]

பித்தக்கல், பொன்னுக்கு வீங்கி, சில வலிப்பு மருந்துகள், மரபணுக் கோளாறு என்று இந்த அழற்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. அவை இன்றைக்கு வேண்டாம். எதனால் வந்தாலும் உள்ளே நடப்பது இதுதான்: குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, கணையத்தையே தின்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் டிரிப்ஸ், வலி மருந்தோடு தேறிவிடுவார்கள். சிலருக்குத் திசு செத்து, சீழும் பிடிக்கும்.

"செத்ததை உடனே வெட்டி எடுங்க டாக்டர்!" என்றுதான் எந்த அப்பாவும் கேட்பார். முன்பு வயிற்றைத் திறந்து அதைத்தான் செய்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் செத்த திசுவும் நல்ல திசுவும் கலந்து கிடக்கும், பிய்த்தால் ரத்தம் கொட்டும். கட்டி பழுக்கட்டும், அப்புறம் கீறலாம் என்பார்களே பாட்டிகள், அதே கதைதான். சுமார் 4 வாரத்தில் அழுகலைச் சுற்றி ஒரு சுவர் உருவாகும். முடிந்தவரை ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காத்திருப்பார்கள். முடியாவிட்டால் ஸ்கேன் பார்த்தபடி ஒரு வடிகுழாய்.

2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, 88 நோயாளிகள், எல்லாரும் பெரியவர்கள். திறந்த அறுவையில் பெரிய சிக்கலோ மரணமோ 69% பேருக்கு. முதலில் குழாய், போதாவிட்டால் மட்டும் சிறுதுளை அறுவை என்று போனவர்களில் 40%. அப்படிக் குழாயில் தொடங்கிய எல்லாரிலும் 35% பேருக்குக் குழாயே போதுமானது!

இப்போது எனக்குப் பிடித்த இடம்: உள்ளே போகும் வழி! ஒன்று, இடது விலாவின் கீழே பின்பக்கமாக, குடல் இருக்கும் பக்கமே போகாமல். சிறுநீரகக் கல் எடுக்கும் நெஃப்ரோஸ்கோப்பையே இதற்கும் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொன்று வாய். எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாயோடு இரைப்பைக்குள் இறங்கி, பின்சுவரில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, அது மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற குட்டிக் குழாயை வைப்பார்கள். சீழ் இரைப்பைக்குள்ளேயே வடியும். முகம் சுளிக்காதீர்கள், வெளியே ஒரு தையல் கூடக் கிடையாது!

ஆனால் கருவிகள் பெரியவர்கள் அளவுக்குச் செய்தவை. அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப் குட்டிப் பிள்ளையின் தொண்டைக்குத் தடிமன். அங்கே வடிகுழாயோ, வயிற்றில் சிறுதுளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியோதான் கைகொடுக்கும். குழந்தைகளுக்கென்று கருவி செய்ய யாருக்கும் அவசரமில்லை போலிருக்கிறது, எனக்கு இதில் கோபம்தான்.

லைக் போடுவதை அப்புறம் பார்க்கலாம். அடிபட்ட பிள்ளை மேல்வயிறு வலிக்கிறது, முதுகு வரை இழுக்கிறது என்று சொல்லி வாந்தியும் எடுத்தால், கேஸ் என்று சோடா கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.