மின்னல் புள்ளி ஏன் தள்ளி விழுது? சார்ஜர் பிரச்சினையும் பேசுவோம்

வணக்கம் மக்களே. ஏப்ரல் வந்தாச்சு, மத்தியானம் ரெண்டு மணி தாண்டினா மலைப்பக்கம் கறுத்துடுது. போன வீடியோ கமெண்ட்ல பாதி ஒரே புகார்: "மின்னல் விழுந்த இடம் காட்டுற ஆப்ல கொழுந்து மடுவத்து (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) மேலயே புள்ளி காட்டுது, மடுவம் அப்படியே இருக்கு. பொய் ஆப்!" இதக் கேட்டா கோவம் வருது. அது பொய் இல்லீங்க, கணக்கு.

மின்னல் வெட்டினதும் கிளம்புற ரேடியோ அலையில 3ல இருந்து 30 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ளதுதான் ரொம்ப தூரம் போகும். ப்ளிட்ஸோர்டுங் மாதிரி மின்னலைத் தேடுற தன்னார்வலர் வலையமைப்புல ஒவ்வொரு நிலையமும் (ஒருத்தர் வச்சிருக்கிற ரிசீவர் பெட்டி) அலை வந்த நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்துல குறிச்சு சர்வருக்கு அனுப்பும். எப்ப வெட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது, நேர வித்தியாசம்தான் கையில இருக்கு. ஒரு மைக்ரோசெக்கன்னா 300 மீட்டர். நம்ம இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்து நுவரெலியா நேர்கோட்டுல சுமார் 20 கிலோமீட்டர், அலைக்கு அது சுமார் 70 மைக்ரோசெக்கன்தான். ஒரு நிலையம் 10 மைக்ரோசெக்கன் தப்பாக் குறிச்சாலே கணக்குல 3 கிலோமீட்டர் பிசகும்.

ரெண்டு நிலையத்து வித்தியாசம் ஒரு வளைகோடு தரும். இன்னும் ரெண்டு மூணு நிலையம் சேர்ந்தா கோடுகள் வெட்டுற இடத்துல புள்ளி. நிலையமெல்லாம் ஒரே பக்கம் இருந்தா கோடுகள் சாய்வா உரசிப் போகும், புள்ளி வழுக்கிடும். அதனால ஒத்தப் புள்ளியப் பார்க்காதீங்க, கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க.

"நாங்க பள்ளத்துல இருக்கோம், மலை மறைக்காதா?" மறைக்காது. 10 கிலோஹெர்ட்ஸ் அலையோட நீளமே 30 கிலோமீட்டர், இலங்கையோட உயர்ந்த மலை பீதுருதலாகலையே அதுக்கு ஒரு மேடுதான்.

இப்போ நிலையம் வச்சிருக்கிறவங்களுக்கு சார்ஜர் பிரச்சினை. மலிவு ஃபோன் சார்ஜர், எல்இடி பல்பு, ரெண்டும் எனக்குப் பரம எதிரி! இந்த அலைவரிசையிலயே கிறுகிறுன்னு இரைச்சல் கிளப்பும். திரையில பாருங்க: நிஜ மின்னல் ஒரு தடவை மேல கீழ எகிறி, சில நூறு மைக்ரோசெக்கன்ல அடங்கிடும். சார்ஜர் சீப்புப் பல்லு மாதிரி சம இடைவெளியில நிக்கும். இந்த இரைச்சல் குப்பை கூடினா அந்த நிலையத்து சிக்னல சர்வர் எடுக்காது. ரிசீவர் பெட்டிய பேட்டரியில ஓட்டுங்க, மெயின் சுவிட்சை அணைங்க, பிறகு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. எதப் போட்டா பல்லு முளைக்குதோ அதுதான் குற்றவாளி. கெயினை (சிக்னலைப் பெருக்குற அளவு) உச்சத்துக்கு ஏத்தினா இரைச்சலும் சேர்ந்து ஏறும், குறைச்சே வைங்க.

அட, ஆண்டெனாவை விட்டுட்டேன். ஃபெரைட் கம்பி (ஒரு காந்தப் பொருள்ல செஞ்ச குச்சி) ரெண்டு வேணும், ஒண்ணு வடக்கு-தெற்கு, ஒண்ணு கிழக்கு-மேற்கு, படுக்கையா. கம்பி தன் முனை நீட்டின திசையில செவிடு, அதனாலதான் ரெண்டு. ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரியணும். லயத்து வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில சிக்னல் வராது, ஜன்னல் ஓரமா வைங்க.

இந்தத் தரவ எதுக்கு எடுக்கிறாங்க? மின்கம்பி எந்த இடத்துல அடிபட்டுச்சுன்னு தேட, விமானப் பாதை மாத்த, புயல் மேகம் வலுக்குதான்னு பார்க்க.

ஆனா மலையில கொழுந்து எடுக்கிறவங்க புள்ளிக்காகக் காத்திருக்க வேணாம். சின்ன மின்னல் விட்டுப்போகும், புள்ளி இல்லன்னா மின்னல் இல்லன்னு அர்த்தமில்ல. இடி காதுல விழுந்தாலே இறங்கிடுங்க, மரத்தடியில நிக்காதீங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுதான் திரும்ப மலைக்குப் போகணும்.