உச்சி வெயிலும் ஒரு வாளித் தண்ணீரும்

(சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு, இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஆற்றிய உரை. இருமலையும் மைக்கின் கூச்சலையும் நீக்கி எழுதியிருக்கிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காலையிலிருந்து பொறுமையோடு அமர்ந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, தம் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தோட்ட முகாமையாளர் அவர்களே, மாரியம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, குடும்ப நல உத்தியோகத்தர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, வணக்கம். கிராம உத்தியோகத்தர் இன்னும் வரவில்லை என்கிறார்கள். வந்ததும் இந்த வணக்கத்தை அவரிடம் சேர்த்துவிடுங்கள். இளைஞர் கழகத்துத் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், நேற்று முழுநாளும் வெயிலில் நின்று இந்தப் பந்தலைக் கட்டிய ஐந்து பேருக்கும் தனி வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மிக்க நன்றி. ஆனால் வெயில் தலைவலியைப் பற்றிப் பேச வந்தவனுக்கு, பகல் பதினொரு மணிக்கு, தகரக் கூரையின் கீழ்ப் பொன்னாடை! அதை மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் இருவரும் ஒரே பீலியில், மலை நீர் விழும் குழாயடியில், குளித்து வளர்ந்தவர்கள்.

நான் வைத்தியன் அல்லன். 31 வருடம் விசில் ஊதிப் பிழைத்த உடற்கல்வி ஆசிரியன். வெயிலில் விளையாடும்போது தலை வலிப்பதற்கு ஐந்து காரணங்கள் சொல்வேன் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார். அதை இன்று நான் இரண்டு மூன்று தடவை சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள், "உங்களுக்கென்ன வெயில்? குளிரில்தானே இருக்கிறீர்கள்" என்று. அங்கேதான் நாமும் ஏமாறுகிறோம். ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1270 மீற்றர். நுவரெலியா 1868 மீற்றர். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் புற ஊதாக் கதிரின் உறைப்பு 10 சதவீதமளவு கூடுகிறது. காற்று குளிராக இருக்கும், வெயில் தோலை உரித்துவிடும். வியர்வையைக் காற்று உடனுக்குடன் உலர்த்திக்கொண்டு போய்விடுவதால் சட்டை நனையாது. சட்டை நனையாததால், வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இதற்கு மேல், ஏப்ரல் முற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டு கிடக்கும் அந்த நாட்களைப் பார்த்துத்தான் நாம் மரதன் ஓட்டத்துக்குத் திகதி குறிக்கிறோம்!

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1974 ஆம் ஆண்டுச் சித்திரையில் இதே பாதையில் ஓடியவன் நான். அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

1974 என்றால் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலம். தோட்டங்களில் பசியால் ஆட்கள் விழுந்த காலம். எனக்குப் பதினெட்டு வயது. கோயில் வாசலிலிருந்து பாலம் வரை போய்த் திரும்ப ஐந்து மைல் ஓட்டம். முதற்பரிசு வெள்ளிக் கிண்ணமில்லை, ஐயா. ஐந்து றாத்தல் கோதுமை மா! அந்த மாவுக்காக லயத்து வரிசை வீடுகளிலிருந்த அத்தனை இளந்தாரிகளும் பெயர் கொடுத்தார்கள். எங்கள் அம்மா இரவே ரொட்டிக்கல்லைத் துடைத்து வைத்துவிட்டார், நான் வெல்வேன் என்ற நம்பிக்கையில்.

காலையில் வயிற்றில் எதுவுமில்லை. முந்தின இரவும் அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு துண்டுதான். போதாக்குறைக்கு, "ஓடும்போது தண்ணீர் குடித்தால் விலாவில் குத்தும், ஒரு மிடறும் வாயில் வைக்காதே" என்று அண்ணன்மார் புத்தி சொல்லியிருந்தார்கள். மாமாவின் கம்பளித் தொப்பியையும் இரவல் வாங்கிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஏனென்று கேட்காதீர்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களில் ஒருவர் இன்று என் வீட்டுக்காரி.

பகல் பன்னிரண்டு மணிக்கு விட்டார்கள். பாலம்வரை நான்தான் முதல். திரும்பியதும் தலைக்குள் யாரோ தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். கோயிலடியில் உண்மையாகவே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை. அடியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேனாம். கண் கூசியது, பிடரி இறுகியது, வாந்தி வருவதுபோல் இருந்தது. முச்சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவன் வலப்பக்கம் திரும்பிவிட்டேன். பின்னால் சனம் கூப்பிடுகிறது. என்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்! பக்கத்துத் தோட்டத்து லயத்துக்குள் நுழைந்து, அங்கே உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் முன்னால் போய் நின்று, "வென்றுவிட்டேன், மாவைத் தாருங்கள்" என்று கையை நீட்டினேன்.

சிரிக்கிறீர்கள். அந்தப் பாட்டி சிரிக்கவில்லை. தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து உச்சியில் கவிழ்த்தார். மறு வாளி, இன்னொரு வாளி. நிழலுக்கு இழுத்துப் போட்டுத் இடுப்பில் கட்டும் தன் படங்கால் விசிறினார். வாய் கோணாமல் பேச்சு வந்த பிறகுதான், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பருக்கினார். இன்றைக்கு வைத்தியர்கள் சொல்லும் முதலுதவி இதேதான்: நிழல், தண்ணீர், காற்று. ஓடியவன் திசை தடுமாறிப் பேச்சுக் குழறினால் அது வெறும் தலைவலியில்லை. உடம்புச் சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரட்டும்.

வீட்டில் வேறு வைத்தியம் நடந்தது. பெரியம்மா கண்ணூறு என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். மாமா நெற்றியில் சாராயம் தடவினார், மிச்சத்தைத் தானே குடித்தார். மருந்துக்கார ஐயா போத்தலைக் குலுக்கிக் கசப்புக் கலவை ஒன்று தந்தார். மா யாருக்குப் போனது தெரியுமா? எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராப் பையனுக்கு. அவன் வழியிலிருந்த பீலி ஒவ்வொன்றிலும் நின்று தண்ணீர் குடித்து, தலையை நனைத்து, நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்தவன். அன்று மாலை அவன் வீட்டு ரொட்டி வாசனை எங்கள் காம்பராவுக்குள் வந்தது. அப்போது புரிந்தது அப்பாயியின் பழமொழி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

சரி, காரணங்கள். முதலாவது, நீர் வற்றுவது. மூளைக்கு வலி தெரியாது. அதை மூடியிருக்கும் சவ்வுக்கும் இரத்தக் குழாய்களுக்கும்தான் தெரியும். வெயிலில் ஓடும் உடம்பு ஒரே நேரத்தில் தசைக்கும் இரத்தம் கொடுக்க வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் கொடுக்க வேண்டும். வியர்வையோ மணிக்கு ஒரு லீற்றரும் அதற்கு மேலும் போகும். இப்படி நீர் வற்றும்போதுதான் தலை வலிக்கிறது. ஆகவே ஓடுவதற்கு முன்பே குடியுங்கள், இடையிலும் குடியுங்கள். சிறுநீர் சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத தேநீர், நிறத்தில் போனால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். அதற்காக வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராக ஒரே மூச்சில் குடிப்பதும் வேண்டாம். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதனாலும் தலை வலிக்கும். நிறைய வியர்த்தவருக்கு ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளைக் கரைத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தட்டையாக வழித்து அளந்து போடுங்கள்.

இரண்டாவது வெறும் வயிறு. அதைத்தான் மாக் கதையில் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது இறுக்கம். ரிபன், தலைப்பட்டி, இறுக்கிய தொப்பி இவை நெற்றியை அழுத்தினாலே வலி வரும். அவிழ்த்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். மண்டபத்தில் இருக்கும் அம்மாமாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் பதிந்த தடத்தை வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பாருங்கள். நாள் முழுவதும் 18, 20 கிலோவுக்காகச் செங்குத்து மலையில் ஏறி இறங்குகிறவரைவிடக் கடும் உடற்பயிற்சி செய்கிறவர் ஒலிம்பிக்கிலும் இல்லை.

கடும் முயற்சியினாலேயே வரும் தலைவலி என்று தனியாக ஒன்றும் உண்டு. நாடி துடிப்பதுபோல் விண் விண்ணென்று தெறிக்கும், 48 மணித்தியாலத்துக்குள் அடங்கும். சூடான காலநிலையிலும் உயரமான இடத்திலும்தான் அது அதிகம் வரும் என்கிறார்கள். நமக்கு இரண்டும் உண்டு. ஆனால் முதன்முதலாக அப்படி வந்தால், வெயில்தான் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். இடி விழுந்ததுபோல் சட்டென்று வந்த வலி, கழுத்து விறைப்பு, இரட்டைப் பார்வை, மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பனடோல் என்ற வலி மாத்திரையைத் தேட வேண்டாம், வைத்தியசாலையைத் தேடுங்கள். பனடோல் பற்றியும் ஒரு வார்த்தை: மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வியர்த்து வற்றிய உடம்பில் இபுப்ரோபன், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும்.

தலைவர் துண்டுச் சீட்டு நீட்டுகிறார். நான்காவதையும் ஐந்தாவதையும் விட்டுவிடுகிறேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால், நான் பயிற்சி கொடுத்த பிள்ளை ஒருத்தி. 1500 மீற்றர் ஓட்டக்காரி, மான்குட்டி மாதிரி. மாசி மாதம் முழுக்கப் பயிற்சி முடிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்திவிடுவாள். தண்ணீர்ப் போத்தலை நீட்டினால் வாயை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள். எனக்கு எரிச்சல். "படித்துப் படித்துச் சொல்கிறேன், ஏன் குடிக்க மாட்டேன் என்கிறாய்?" என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டேன். அவள் தலையைக் குனிந்தாள். பக்கத்தில் நின்ற தோழிதான் சொன்னாள்: "சேர், குடித்துவிட்டு எங்கே போவது?"

மைதானத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆண் பிள்ளைகளுக்குச் சவுக்கு மரம் போதும். பெண் பிள்ளைகளுக்கு? பாடசாலைக் கழிப்பறை பின்னேரம் பூட்டு. 31 வருடம் விசில் ஊதியவனுக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போய் என் அக்காவிடம் கேட்டேன். அவர் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். "மலைக்குப் போகிற நாளில் காலையில் அரைக் கோப்பை சாயத்தண்ணிதான், பகல்வரை அதோடு சரி. நாங்கள் எல்லாரும் அப்படித்தான், இது உனக்கு இப்போதுதான் தெரியுமா?" என்றார். தினமும் பகல் தலைவலி, தினமும் நெற்றியில் தைலம். அதைத் தேயிலை வேலையோடு கூடப்பிறந்தது என்றே நினைத்திருக்கிறார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று இனி நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தலைவலி வந்துதான் இருந்தது, ஐயா. அப்படியும் தெரியவில்லை.

ஆகையால், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று இந்த மேடையில் நின்று பெண்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை ஒன்று மைதானத்தின் ஓரத்தில் வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று வேண்டும். கோயில் பீலியிலிருந்து மைதானத்துக்குக் குழாய் இழுக்க அதிக தூரமில்லை, நான் நேற்று அடியளந்து பார்த்துவிட்டேன். குழி வெட்ட இளைஞர் கழகம் இருக்கிறது. அதுவரை மரதன் ஓட்டத்தைக் காலை ஆறரைக்கு மாற்றுங்கள். பயிற்சியையும் இரண்டு வாரத்துக்கு முன்பே சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். வெயிலுக்குப் பழக உடம்புக்கு அத்தனை நாள் வேண்டும்.

மனு அந்த மேசையில், பொன்னாடைக்குக் கீழே இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். பிரதேச சபை உறுப்பினர் அவர்களும் முகாமையாளர் அவர்களும் புறப்படும் முன் முதல் இரண்டு கையெழுத்தையும் போட்டால், மற்றவர்கள் பின்னால் வரிசையில் வருவார்கள். அதோ, கிராம உத்தியோகத்தர் வந்துவிட்டார். வணக்கம் ஐயா, உட்கார வேண்டாம், நேரே இந்த மேசைக்கு வாருங்கள்.